பாடம் ஆயிரம், தாளம் ஒன்று
பேஸ் கிதார் கற்க வீடியோவை நாடிய பெஹாலா இளைஞர்

இரவு ஒன்பதரை மணி. டயமண்ட் ஹார்பர் சாலையில் மினி பஸ்களின் இரைச்சல் சற்றே தணிந்திருக்கிறது. பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், இரண்டாவது மாடி அறையில் விளக்கு எரிகிறது. கட்டிலின் விளிம்பில் ஒரு இளைஞர். மடியில் நான்கு தந்தி கொண்ட பேஸ் கிதார். எதிரே அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்த செல்போன். அதில் எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் ஆசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்திக் கொண்டிருக்கிறார்.

இளைஞருக்கு வயது 26. தாராதலாவில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து, தொழிற்சாலைப் பணியில் தலை நரைத்தவர். இளைஞர் தமது பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணம், அவர் சொல்ல வந்தது வெற்றிக் கதை அல்ல. ஒரு மெல்லிசைக் குழுவிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றப்பட இருந்த கதை.

பூஜை இரவில் கேட்ட சொல்

பொங்கல் விழா, ஆண்டு விழா, துர்க்கா பூஜை மேடை என்று தமிழ், இந்தி, வங்காளப் பாடல்களை வாசிக்கும் குழு அது. பாடகர்கள் தமிழர், டிரம்ஸ் வாசிப்பவர் வங்காளி. சென்ற பூஜையின்போது நிகழ்ச்சி முடிந்து மேளங்களைக் கட்டிக் கொண்டிருந்த நேரத்தில் டிரம்ஸ்காரர் இவரைத் தனியே அழைத்தார்.

"உனக்குச் சுரமெல்லாம் தெரியும் தம்பி. ஆனால் என் காலும் உன் விரலும் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை."

டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய மேளத்தைத்தான் அவர் சொன்னார். அந்த அடியும் பேஸ் கிதாரின் ஒலியும் ஒன்றாக விழுந்தால்தான் பாட்டு நிற்கும். குழுத் தலைவர் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பொங்கல் நிகழ்ச்சிக்குள் சரியாக வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

மேடை வருமானம் பெரிதல்ல. ஆனால் அந்தக் கிதாரை வாங்க இளைஞரின் தாயார் கைவளையலை அடகு வைத்திருந்தார். லால்பஜார் வட்டாரத்து வாத்தியக் கடைகளில் நான்கு நாள் அலைந்து, பழைய கிதார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தது அந்தப் பணத்தில்தான். மேடை போனால் வளையல் மீட்பதும் போகும். பூஜைக்கும் பொங்கலுக்கும் இடையே இருந்தது மூன்றே மாதம்.

பார்த்ததெல்லாம் பயிற்சி ஆகுமா?

ஆசிரியரிடம் சேர வசதி இல்லை. அலுவலக நேரமும் ஒத்து வரவில்லை. எனவே செல்போனில் வரும் பாட வீடியோக்களையே நம்பினார். முதல் மாதத்தில் ஒவ்வொரு இரவும் இரண்டு மணி நேரம் பார்த்தார். ஒன்று முடிவதற்குள் அடுத்ததை யந்திரமே எடுத்துக் கொடுக்கும். "ஐந்து நிமிடத்தில் குரூவ்", "யாரும் சொல்லாத ரகசியம்" என்று தலைப்புகள் ஆளை இழுக்கும். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலிருக்கும். கிதாரை எடுத்தால் பழைய விரல், பழைய பிழை.

சமையல் படத்தைப் பார்த்து வயிறு நிறையாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாத்தியம் என்று வரும்போது அது மறந்து போகிறது.

திருப்பம் எதிர் வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருப்பவர் ரயில்வே கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். லேக் மார்க்கெட் பக்கம் நடக்கும் பஜனைகளில் மிருதங்கம் வாசிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்து, இளைஞரை ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். தாம் தொடையில் ஆதி தாளம் போட்டார். எட்டு ஆவர்த்தனம் முடிவதற்குள் கிதார் கையைத் தாண்டி முன்னே போய்விட்டது.

"தம்பி, நீ ஓடுகிறாய். அதோடு ஒரு சுரத்தை எடுத்தால் விடவே மாட்டேன் என்கிறாய். அடுத்தது வருகிறபோது முதலாவது இன்னும் ஒலித்துக் கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து சொல்கிற வீடியோ எது என்று மட்டும் பார். மற்றதை மூடி வை" என்றார்.

நோய் என்னவென்று தெரியாமல் மருந்துக் கடையில் நின்றது போல்தான் அதுவரை நின்றிருக்கிறோம் என்பது இளைஞருக்கு அப்போதுதான் விளங்கியது.

குரூவ் என்பது என்ன?

வாத்தியக்காரர்கள் 'குரூவ்' என்று சொல்வதை நாம் லயப் பிடிப்பு எனலாம். கேட்பவனின் தலை தானாக அசைவதும் கால் தரையைத் தட்டுவதும் அதனால்தான். சுருதி மாதா, லயம் பிதா என்பது நம் பழமொழி. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கத்தின் கும்மென்ற ஒலி எந்த வேலையைச் செய்கிறதோ, அதே வேலையை மேற்கத்திய வாத்தியக் குழுவில் பேஸ் கிதார் செய்கிறது. கூடவே ராகத்தின் அடித்தளத்தையும் தாங்குகிறது.

இந்த வாத்தியத்துக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் 1951 ஆம் ஆண்டில் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சாரக் கிதாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. 34 அங்குலத் தந்தி நீளம். தடித்த தந்தியை மீட்டினால் வினாடிக்கு சுமார் 41 அதிர்வு. அந்த அளவே இன்றும் வழக்கில் இருக்கிறது.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இக்கலையின் பெரிய பெயர். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே பெரும்பாலும் வாசித்தவர் அவர். உலகமெல்லாம் ஒலித்த அந்தப் பாட்டுகளின் உறையில் நெடுங்காலம் அவர் பெயர் அச்சாகவில்லை. மார்வின் கேயின் 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டில்தான் அந்தக் குழுவினர் பெயர்கள் வெளியாயின. ஜேமர்சன் 1983 இல் மறைந்தார். பேஸ் வாசிப்பவனைக் கூட்டம் கவனிப்பதில்லை. அவன் இல்லாவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று உணர்கிறது.

காசெட்டிலிருந்து கைக்கு

படம் பார்த்துப் பேஸ் கற்பது புதிய வழக்கமல்ல. ஜாக்கோ பஸ்டோரியஸ் என்ற மேதை 1985 இல் 'மாடர்ன் எலெக்ட்ரிக் பேஸ்' என்ற பாட வீடியோவை வெளியிட்டார். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர் ஜெரி ஜெமட் என்ற மற்றொரு பேஸ் கலைஞர். வீடியோ காசெட்டில் வந்த அந்தப் பாடம் இன்றும் பேசப்படுகிறது. ஜாக்கோ 1987 இல் தமது 35 ஆம் வயதில் இறந்தார். 2008 இல் விக்டர் வூட்டன் 'குரூவ் வொர்க்ஷாப்' என்ற பாடத்தை டிவிடியில் தந்தார். சுரம் என்பது இசையின் பல கூறுகளில் ஒன்றே. அழுத்தம், நீளம், இடைவெளி, கேட்கும் காது ஆகியவையும் சம பங்கு உடையவை என்பது அவர் போதனையின் சாரம்.

காசெட்டாக இருந்த காலத்தில் ஒன்றை வாங்கினால் அதையே தேயத் தேயப் பார்த்தார்கள். பற்றாக்குறையே ஒழுங்காக இருந்தது. இன்று விலையில்லாமல் ஆயிரம் பாடம் கைக்குள் வந்து விழுகிறது. ஆகவே தேர்ந்தெடுப்பதே முதல் பாடமாகி விட்டது.

எதை வைத்துக் கொள்வது? எதைத் தள்ளுவது?

பெரியவரும் இளைஞரும் சேர்ந்து உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் சில சோதனைகளை வகுத்துக் கொண்டார்கள். பேஸ் மட்டுமல்ல, தபலாவோ கீபோர்டோ கற்கிற அன்பர்களுக்கும் இவை உதவும்.

முதலாவது: பாடம் நடத்துபவர் டிரம்ஸுடனோ, மெட்ரோனோமின் டிக் டிக் ஒலியுடனோ வாசித்துக் காட்டுகிறாரா? லயத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் தாளம் இல்லாமலே வாசிக்கிறவரிடம் லயம் கற்க முடியாது. "இதில் ஆள் பேசுகிறார், விரல் பேசவில்லை" என்று பெரியவர் தள்ளிய வீடியோக்கள் பல.

இரண்டாவது: இரண்டு கைகளும் தெளிவாகத் தெரிகின்றனவா? தந்தியை மீட்டுவது ஒரு கை என்றால், ஒலியை அடக்குவது இரு கைகளின் வேலை. இடது கை விரலை லேசாகத் தூக்கினால் ஒலி நிற்கும். அதை வெட்டி வெட்டிக் காட்டும் படத்தில் காண முடியாது. சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதையும் சொல்லித் தருகிற ஆசிரியர் கிடைத்தால் அவரை விடக்கூடாது.

மூன்றாவது: ஒரு பாடத்தில் ஒரே விஷயம் இருக்கிறதா, அதை மெதுவான காலத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறாரா? முடிவில் "இதை நாளைக்குச் செய்து பாருங்கள்" என்று ஒரு பயிற்சி கொடுக்கிறாரா? பயிற்சி இல்லாத பாடம் வேடிக்கை.

நான்காவது: வித்தை காட்டுகிறாரா, வேலை கற்றுத் தருகிறாரா? கட்டை விரலால் தந்தியை அடித்து, மற்ற விரலால் சுண்டி வாசிக்கும் 'ஸ்லாப்' முறை கண்ணைக் கவரும். ஆனால் அந்த முறையின் தந்தையாகக் கருதப்படும் லாரி கிரஹாம் அதை ஆடம்பரத்துக்காகக் கண்டுபிடிக்கவில்லை. தாயாரோடு சேர்ந்து வாசித்த சிறு குழுவில் டிரம்ஸ் இல்லாமல் போனதால், மேளத்தின் அடியைத் தந்தியிலேயே கொண்டு வர முயன்றார். தாளத்தின் தேவைக்குப் பிறந்த வித்தை அது. தாளம் சேராமல் வித்தையை மட்டும் கற்றால் மேடையில் இரைச்சல்தான் மிஞ்சும்.

ஐந்தாவது: பாடங்கள் வரிசையாக இருக்கின்றனவா? இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பத்து ஆசிரியரிடம் பத்துப் பாடம் கேட்பதைவிட, ஒருவரிடம் தொடர்ந்து பத்துப் பாடம் கேட்பது மேல். கட்டணப் பாடத்தில் சேர விரும்புவோர் அதே ஆசிரியரின் இலவசப் பாடங்களில் நான்கையாவது முழுவதும் பயின்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

ஆங்கிலம் ஓடுகிற வேகத்துக்குக் காது ஈடு கொடுக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். படத்தின் வேகத்தை முக்காலாகவும் பாதியாகவும் குறைக்கும் வசதி செல்போனிலேயே உண்டு. பேச்சைக் கீழே எழுத்தாகக் காட்டும் வசதியும் பெரும்பாலான பாடங்களில் உண்டு.

செல்போன் ஏமாற்றும்

இங்கே ஒரு எச்சரிக்கை. செல்போனின் சிறு ஒலிபெருக்கியால் பேஸின் அடி ஒலியைத் தர இயலாது. வினாடிக்கு 41 அதிர்வு, 55 அதிர்வு என்று வருகிற தாழ்ந்த ஒலி அதில் அநேகமாக வெளிவராது. அதன் மேல் அடுக்குகளில் உள்ள மெல்லிய சாயல்தான் காதில் விழும். பாடத்தின் உயிரே அதனால் போய்விடும். சாதாரண ஹெட்போன் ஒன்று இருந்தாலும் வித்தியாசம் தெரியும். இரவு நேரத்தில் அடுத்த வீட்டுக்காரரின் தூக்கமும் கெடாது.

அந்தச் செல்போனே மற்றொரு வகையில் பேருதவி செய்தது. தினமும் ஒரு வரியை இரண்டு நிமிடம் வாசித்து அதில் ஒலிப்பதிவு செய்து, மறுநாள் மாஜேர்ஹாட் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது இளைஞர் கேட்டார். முதல் வாரம் கேட்கவே கூசியது என்கிறார். வாசிக்கும்போது காதுக்குத் தெரியாத ஓட்டம் மறுநாள் அப்பட்டமாகத் தெரிந்தது. எந்த ஆசிரியரும் சொல்லாத உண்மையை அந்த இரண்டு நிமிடம் சொன்னது.

தகதிமி

மீதி இரண்டு மாதத்துக்கு அவர் வைத்துக் கொண்டவை மூன்றே வீடியோக்கள். ஒன்று சுரத்தின் நீளத்தைப் பற்றியது. ஒன்று டிரம்ஸின் கால் மேளத்தோடு சேர்வது பற்றியது. மூன்றாவது மெட்ரோனோம் பயிற்சி.

மூன்றாவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் ஒவ்வொரு அடிக்கும் மெட்ரோனோம் ஒலிக்கும். பிறகு இரண்டாவது, நான்காவது அடிக்கு மட்டும். பிறகு நான்கு அடிக்கு ஒரே ஒரு முறை. ஒலி குறையக் குறைய, இடைவெளியை வாசிப்பவனே மனத்துக்குள் நிரப்ப வேண்டும். ஊன்றுகோலை மெல்ல மெல்ல எடுத்துவிட்டு நடக்கச் சொல்வது போன்றது இது.

அந்த இடைவெளியில்தான் பெரியவரின் கைவண்ணம் வந்தது. மேற்கத்திய ஆசிரியர் ஒரு அடியை நான்காகப் பிரித்து எண்ணச் சொன்னார். இளைஞருக்கு அது நாவில் ஒட்டவில்லை. "தகதிமி தகதிமி என்று சொல், போதும்" என்றார் பெரியவர். காலால் அடி, வாயால் சொற்கட்டு, விரலால் சுரம். பத்து நாளில் ஓட்டம் பாதியாகக் குறைந்தது. மூன்றாகப் பிரியும் நடைக்குத் 'தகிட'. பிள்ளைப் பிராயத்தில் கோயில் தவிலில் கேட்ட கணக்கு, அமெரிக்க வாத்தியத்துக்கும் பொருந்தி வந்தது.

பூஜை நாட்களில் இந்த நகரமே அந்தப் பாடத்தை நடத்துகிறது. ஆண்டுதோறும் கிராமங்களிலிருந்து டாக் மேளக்காரர்கள் வந்து சியால்தா ஸ்டேஷன் வாசலில் கூடி நிற்பதை நம்மில் பார்க்காதவர் யார்? ஒருவர் அடிப்பதற்கு மற்றவர் இடம் விட்டு, எல்லாரும் ஒரே மூச்சாகச் சேரும் அந்த ஒலியில் இருப்பதும் இதே பிடிப்புத்தான்.

பாட்டே பாடம்

வீடியோ முடிந்ததும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது பெரியவர் விதித்த நிபந்தனை. அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் துணை வாத்தியமாக மட்டும் நிற்பதில்லை. பாட்டுக்குள்ளே தனியே ஒரு பாட்டாக நடந்து போகும். அவர் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களை நம் காதுகள் அறியும். பெயரை அறிந்தவர் சிலரே. 1982 இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை', 'நினைவெல்லாம் நித்யா' ஆகிய படங்களின் பாடல்களை ஹெட்போனில் கேட்டு, அடியில் ஓடும் அந்த ஒலியை மட்டும் வாயால் பாடிப் பார்த்தால் பெரிய பாடம் கிடைக்கும்.

இதில் வங்காளத்துக்கும் பங்கு உண்டு. இசையமைப்பாளர் ஆவதற்கு முன் இளையராஜா பிறர் குழுக்களில் கிதார் வாசித்தவர். அப்படி அவரை வாசிக்க வைத்தவர்களில் ஒருவர் வங்காளத்தின் சலில் சௌத்ரி. அதே சலில் சௌத்ரிதான் 1979 இல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசை தந்தார். தமிழகத்திலிருந்து வந்து இந்நகரத்தை மேடையாக்கிக் கொண்டவர்களும் உண்டு. சென்னை மவுண்ட் ரோடில் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பாடத் தொடங்கிய உஷா உதுப், பார்க் தெருவின் 'டிரிங்காஸ்' மேடையில் பாடிப் புகழ் பெற்று, கொல்கத்தாவையே தம் ஊராக்கிக் கொண்டார். 2024 இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

இவர்களெல்லாம் செல்போன் வருவதற்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்டுக் கேட்டு வாசித்தவர்கள், பாடியவர்கள். வீடியோவிடம் எல்லாம் கற்கலாம். வீடியோவால் நம்மைக் கேட்க முடியாது என்ற ஒன்றை மட்டும் மறக்கலாகாது. வாரத்தில் ஒரு நாளாவது ஒரு தாளக்காரரோடு உட்காராமல் இந்தப் படிப்பு முடிவதில்லை.

ஒத்திகை

மார்கழி கடைசியில், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை நடந்தது. முதல் பாட்டு முடிந்தது. டிரம்ஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டில் ஓர் இடத்தில் இளைஞர் மீண்டும் முன்னே ஓடினார். டிரம்ஸ்காரர் நிறுத்தவில்லை, காலை மட்டும் சற்று அழுத்தி மிதித்தார். இளைஞர் காதில் வாங்கிக் கொண்டு பின்னே வந்து சேர்ந்தார். அதுதான் முதல் தடவை என்கிறார் அவர். பிழை செய்ததும் முதல் தடவை அல்ல. மேளத்தைக் கேட்டுத் திருந்தியதுதான் முதல் தடவை.

குழுத் தலைவர் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கலன்று எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். மற்றவர்களிடம் சொன்னது போலவே இவரிடமும் சொன்னார்.

வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "வாசிக்கத்தானேய்யா வாங்கினோம், வளையலுக்கு என்ன அவசரம், தை பிறக்கட்டும்" என்கிறார் தாயார். எதிர் வீட்டுப் பெரியவரோ இப்போது அடுத்த வீடியோவைத் தேட விடாமல் காவல் இருக்கிறார். மூன்று பாடமும் விரலுக்கு வந்த பிறகுதான் நான்காவது என்பது அவர் கட்டளை.